பிரேமன் நேரம்

லியபாயாவில் நவம்பர்க் காற்று
கடலிலிருந்து நேராகக் கராஜ் வரிசைக்குள் நுழையும்.
நாற்பத்திரண்டு இரும்புக் கதவுகள்,
ஒவ்வொன்றும் ஒரு சுருதியில் முனகும்.
பதினேழாம் கதவுக்குள்
இல்க்வார்ஸின் மஞ்சள் போர்ஷே
பல் டாக்டரிடம் வந்தவன்போல
முன்மூடியைத் திறந்துகொண்டு கிடக்கிறது.

பேட்டரி சாகும் தறுவாயில்.
முழுக்கச் செத்துவிட்டால் மூடி திறக்காது,
மூடி திறக்காவிட்டால் பேட்டரியை எடுக்க முடியாது.
சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பெட்டியைப் பூட்டிய புத்திசாலி
எங்கோ நிம்மதியாகப் பென்ஷன் வாங்குகிறான் என்கிறார்.

"ஒரு நொடிகூட மின்சாரம் அறுபடக் கூடாது, விஸ்மா.
அறுந்தால் எல்லாம் மறந்துபோகும்."
ரேடியோவின் ரகசிய எண் எழுதிய அட்டை
பிரேமனில் வண்டியை விற்றவனிடமே தங்கிவிட்டது.
அவன் போனை எடுப்பதில்லை.

நான் டிராம் ஓட்டுகிறவள்.
என் வண்டிக்குத் தலைக்குமேல் கம்பி.
இரவு டிப்போவில் அதன் கையை இறக்கினால்
எல்லாவற்றையும் மறந்து தூங்கும்.
காலையில் அதே தண்டவாளம்தானே, நினைவு எதற்கு?
இதை அவரிடம் சொல்லவில்லை.
டார்ச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மரப்பெட்டிமேல் ஒரு குட்டி பேட்டரி.
சிவப்புக் கிளிப் பாசிட்டிவ் கம்பியின் நுனியில்.
கருப்புக் கிளிப் வண்டியின் உடம்பில்,
பெயின்ட் படாத ஒரு போல்ட்டில்.
பழையதன் நெகட்டிவை முதலில் கழற்றினார்.
பாசிட்டிவையும் கழற்றி அதன் தலைக்கு
ஸ்கைட்ரீதே பாத்திரம் கழுவும் ரப்பர் கையுறையை மாட்டினார்.
இளஞ்சிவப்பு. ஐந்து விரல்களும் காற்றில் ஆடின.
உள்ளே கம்பி உயிரோடிருக்கிறது,
இரும்பில் பட்டால் பொறி பறக்கும்.

இருபது கிலோ இருக்கும். மூச்சைப் பிடித்துத் தூக்கியபோது
அவர் முழங்கை தட்டி
கருப்புக் கிளிப் நழுவியது,
இல்லை, நழுவத் தொடங்கியது.
அதற்குள் என் கை போய்விட்டிருந்தது.
டார்ச் கீழே உருண்டு சுவரைப் பார்த்தது.
இருட்டில் என் கட்டைவிரல், போல்ட்,
நடுவில் பல்வைத்த செம்பு.

"விடாதே."

பதினோரு நிமிடம் விடவில்லை.
யாரோ ஒருவர் தேர்ந்த இருக்கை உயரம்,
யாரோ தேடிப்பிடித்த ஆறு வானொலி நிலையங்கள்
என் விரலை நம்பி நின்றன என்று சொல்ல ஆசைதான்.
விரல் மரத்துப்போனது. அவ்வளவே.

புதியது அமர்ந்தது. பாசிட்டிவ் முதலில்,
பிறகு நெகட்டிவ்,
கடைசியாக என் விரலைக் கழற்றினார்.

சாவியைத் திருப்பினார்.
ரேடியோ எண் கேட்கவில்லை.
முதல் நிலையம்: இரைச்சல்.
இரண்டாவது: இரைச்சல்.
ஆறும் பிரேமன் நிலையங்கள்,
கடல் தாண்டி இங்கே ஒருநாளும் வந்து சேர்ந்ததில்லை.
கடிகாரத்தில் 5:40.
என் கையில் 6:40.
ஒரு ஜனவரியில் வாங்கி வந்தார், அன்றுமுதல் திருத்தவில்லை;
குளிர்காலத்தில் ஒரு மணி நேரம்
கோடையில் இரண்டு மணி நேரம் பின்தங்கியே ஓடுகிறது.
"பார்த்தாயா," என்றார்,
"ஒன்றுகூடப் போகவில்லை."

பிறகு இருக்கையின் இரண்டாம் பொத்தானை அழுத்தினார்.
இருக்கை உறுமி முன்னே நகர்ந்தது, மேலே எழுந்தது,
ஆறடி இரண்டங்குல மனிதரை
ஸ்டியரிங்கோடு சேர்த்து நெருக்கியது.
பிரேமனில் குள்ளமான ஒருத்தி.
சாலையை நன்றாகப் பார்த்து ஓட்டுகிறவள்.
அதற்குமேல் எங்களுக்கு ஒன்றும் தெரியாது.
"நலமாக இருக்கிறாள்," என்றார்
மூச்சு முட்ட.

வீட்டுக்கு வந்தேன். காற்றில் கரண்ட் போய் வந்திருக்கிறது.
அடுப்பின் கடிகாரம் 0:00, 0:00 என்று கண்சிமிட்டியது.
கட்டைவிரலில் கிளிப்பின் பல்தடம்,
பொத்தானை அழுத்த மறுத்தது.
இடதுகையால் 7:05 என்று வைத்தேன்.
நாளை முதல் டிராம் 5:12-க்கு.